ஔவையை ஆத்திசூடியிலிருந்து வெளியே அழைத்து வருவது எப்படி?

ஔவையார் யார் என்று இங்கே ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். நரைமுடி, கைத்தடி, "அறஞ்செய விரும்பு". கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளை என்றால் முருகனையும் நாவல் மரத்தையும் சேர்த்துச் சொல்லும். எனக்கு இதில் வருத்தம் உண்டு. எதிராளியைக் கழுதை என்று திட்டுவதற்குக்கூட அளவெடுத்து வெண்பா கட்டிய வாய்க்காரியை, பாலர் பள்ளிச் சுவரில் ஒட்டிவைத்த அறிவுரைப் பாட்டியாக்கிவிட்டோம்.

சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை ஔவை படிக்கிறோம். அண்ணன் பிள்ளைகள், அதே புளோக்கில் இருக்கும் சில குடும்பங்கள், அவ்வளவுதான் கூட்டம். நான் ஆசிரியை இல்லை, கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவள். அதனால் பயிற்சித்தாள், மதிப்பெண் எல்லாம் இதில் வராது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நடத்தலாம் என்று தோன்றினால், எப்படி என்று சொல்கிறேன்.

எப்போது, எங்கே

ஏப்ரல் வேண்டாம். அது தமிழ்மொழி விழா மாதம். பிள்ளைகள் மாறுவேடம், பேச்சு, கதை சொல்லுதல் என்று ஓடிக் களைத்திருப்பார்கள். அதில் பாதிப் பேர் ஔவையார் வேடமே போட்டிருப்பார்கள். ஜூன் விடுமுறையோ ஆண்டிறுதி விடுமுறையோ தோது. ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குச் சாப்பாடு போடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் படிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

சமூக மன்றத்தில் அறை எடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். எடுக்கலாம். ஆனால் ஒலிபெருக்கி வந்தால் வரவேற்புரை வந்துவிடும், வரவேற்புரை வந்தால் சிறப்பு விருந்தினர் வந்துவிடுவார். வீட்டுத் தரையே போதும்.

திட்டிலிருந்து தொடங்குங்கள்

முதல் நாள் ஆத்திசூடியைத் தொடவே தொடாதீர்கள். இந்தக் கதையைச் சொல்லுங்கள்: ஒரு புலவர் (கம்பர் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள்) ஔவையைப் பார்த்து, "ஒரு காலடீ, நாலிலைப் பந்தலடீ" என்று விடுகதை போட்டாராம். ஒரு காம்பு, அதன்மேல் நான்கு இலை. விடை ஆரைக்கீரை. விடுகதை போட்டதில் தப்பில்லை. வார்த்தைக்கு வார்த்தை "அடீ" போட்டதுதான் தப்பு. ஔவை சும்மா விடுவாரா?

எட்டேகால் லட்சணமே எமனேறும் பரியே
மட்டில் பெரியம்மை வாகனமே – முட்டமேல்
கூரையில்லா வீடே குலராமன் தூதுவனே
ஆரையடா சொன்னாய் அது

பொருளைச் சொல்லிவிடாதீர்கள். ஓர் அட்டையில் தமிழ் எண்களை மட்டும் எழுதி நடுவில் வையுங்கள். தமிழில் எட்டுக்குரிய எண் 'அ' போலவே இருக்கும், காலுக்குரியது 'வ' போல இருக்கும். எட்டேகால் என்றால் "அவ". லட்சணத்தோடு சேர்த்தால் அவலட்சணம். இதை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும்போது அது போடும் கூச்சலைக் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் தொடக்கநிலை நான்கு படிக்கும் அண்ணன் மகள்தான் கண்டுபிடித்தாள். பக்கத்து வீட்டுச் சீன அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மற்றவை தானாக வரும். எமன் ஏறும் பரி எருமை. பெரியம்மை என்றால் மூதேவி, அவள் வாகனம் கழுதை. கூரையில்லா வீடு குட்டிச்சுவர். ராமனின் தூது குரங்கு. கடைசி அடியில் "ஆரையடா" என்பது கீரையின் பெயராகவும் இருக்கிறது, "யாரைப் பார்த்துடா சொன்னாய்" என்ற கேள்வியாகவும் இருக்கிறது. விடையைச் சொன்ன மாதிரியும் ஆச்சு, "அடீ"க்கு "அடா" போட்ட மாதிரியும் ஆச்சு. நான்கே அடியில் இத்தனை வசவு, ஒன்றுகூட நேரடியாக இல்லை.

இதற்குப் பிறகு ஒரு விளையாட்டு வையுங்கள். அண்ணன் தங்கைகள் ஒருவரை ஒருவர் திட்டலாம், ஆனால் விடுகதையாக மட்டும்தான் திட்டலாம். நேராகத் திட்டினால் ஆட்டத்திலிருந்து வெளியே. அரை மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும். எல்லாரும் யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

"அவங்க உண்மையிலேயே இருந்தாங்களா, அத்தை?"

கட்டாயம் இந்தக் கேள்வி வரும். மழுப்ப வேண்டாம். ஔவை என்ற பெயரில் ஒருவருக்கு மேற்பட்டவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று நேராகச் சொல்லுங்கள். சங்க காலத்தில் ஒருவர், அதியமானின் நண்பர், அவர் பெயரில் 59 பாடல்கள் கிடைக்கின்றன. ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நல்வழி பாடியவர் பல நூற்றாண்டு பிந்தியவர், சோழர் காலத்தவர் என்பார்கள். கம்பரோடு வாதாடிய கதையையும் அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய கதையையும் ஒரே பாட்டியின் தலையில் ஏற்றினால் அவருக்கு வயது ஆயிரத்தைத் தாண்டிவிடும். நெல்லிக்கனி அவ்வளவு வேலை செய்தது என்று எங்கள் அண்ணன் சொல்வார்.

பிள்ளைகளுக்கு இது ஏமாற்றமாக இருக்குமோ என்று பயப்படாதீர்கள். ஒரு பெண் நாக்குக் கூர்மையாகப் பேசினால் "இது ஔவை பாட்டு" என்று ஊரே சொல்லிவிடும் அளவுக்கு அந்தப் பெயர் நின்றிருக்கிறது. சென்னை மெரினாவில் 1968இல் வைத்த சிலை, வெள்ளிக் கோளில் ஒரு பள்ளத்துக்கு வைத்த பெயர் என்று பெருமைப்பட எத்தனையோ உண்டு. வெள்ளிக் கோள் விஷயத்தை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள், பிள்ளைகள் உடனே போனில் தேடுவார்கள்.

முறம் எடுங்கள்

அடுத்தது நாடகம். ஓர் ஊரில் ஒருவன் வழியில் பார்த்த ஔவையைச் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டான். மனைவியிடம் கேட்கவில்லை. வீட்டுக்குப் போன பிறகுதான் பயம் வந்தது.

இருந்து முகந்திருத்தி ஈரோடு பேன்வாங்கி
விருந்துவந்த தென்று விளம்ப – வருந்திமிக
ஆடினாள் பாடினாள் ஆடிப் பழமுறத்தால்
சாடினாள் ஓடோடத் தான்

பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, தலையில் ஈரும் பேனும் எடுத்து, பதமாக இருக்கிறாள் என்று நினைத்து மெல்ல விஷயத்தைச் சொல்கிறான். அவள் ஆடுகிறாள், பாடுகிறாள், பழைய முறத்தை எடுத்து ஓட ஓட விரட்டுகிறாள். இதை நடித்தே தீர வேண்டும். கணவன் வேடத்தை வீட்டில் அதிகம் அதட்டுகிற ஆளுக்குக் கொடுங்கள். எங்கள் அம்மா அரிசி புடைத்த முறம் இன்னும் பரண்மேல் இருந்தது. முறம் கிடைக்காவிட்டால் அட்டைப்பெட்டி மூடியே போதும். "ஆடினாள் பாடினாள்" என்ற இடத்தில் வேகத்தைக் கூட்டிப் படியுங்கள். அந்த அடியே ஓடுகிற மாதிரி கட்டப்பட்டிருக்கிறது.

நடிப்பு முடிந்ததும் பேச்சு வரும், வரட்டும். பாட்டு மனைவியைத்தான் கிண்டல் செய்கிறது என்று தோன்றும். எங்கள் வீட்டில் கீழ்த்தளத்து அக்கா ஒருவர் கேட்டார்: "கூப்பிட்டது அவன், ஆக்கிப்போட வேண்டியது அவளா?" எனக்கும் அதே எண்ணம்தான். நான்கு அடியில் அவனுடைய குழைவையும் பயத்தையும் இவ்வளவு விவரமாகக் காட்டியிருப்பதைப் பார்த்தால், சிரிப்பில் பாதி அவனுக்கும் சேர வேண்டியது என்றுதான் படுகிறது.

அதே கதையின் தொடர்ச்சியாகச் சொல்லப்படும் பாட்டு "காணக்கண் கூசுதே கையெடுக்க நாணுதே" என்று தொடங்கும். "அன்பில்லாள் இட்ட அமுது" என்று முடியும். அதைச் சாப்பாட்டுக்கு முன் படிக்காதீர்கள். சமைத்தவர் மனம் புண்படும்.

பசியோடு படிக்க வேண்டிய பாட்டு

ஏழரைக்குச் சாப்பாடு என்று சொன்னேன் அல்லவா? ஏழேகாலுக்கு, அடுப்படியிலிருந்து வாசனை வரும் நேரத்தில், நல்வழியிலிருந்து இதை எடுங்கள்:

ஒருநாள் உணவை ஒழியென்றால் ஒழியாய்
இருநாளுக்கு ஏலென்றால் ஏலாய் – ஒருநாளும்
என்நோ வறியாய் இடும்பைகூர் என்வயிறே
உன்னோடு வாழ்தல் அரிது

வயிற்றைக் கூப்பிட்டுச் சண்டை போடுகிறார். ஒருநாள் சும்மா இரு என்றால் கேட்கமாட்டாய், சரி, இரண்டு நாளுக்குச் சேர்த்து வாங்கிக்கொள் என்றாலும் கேட்கமாட்டாய், உன்னோடு குடும்பம் நடத்த முடியாது. வயிறு நிறைந்த பிறகு படித்தால் இது வெறும் தத்துவம். பசியோடு படித்தால் எல்லாரும் தங்கள் வயிற்றைக் குனிந்து பார்க்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு ஔவையே ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்: "வரகரிசிச் சோறும் வழுதுணங்காய் வாட்டும் மொரமொரெனவே புளித்த மோரும்". புல்வேளூர்ப் பூதன் என்பவன் அன்போடு போட்ட இந்தச் சோற்றுக்கு எல்லா உலகமும் ஈடு என்று பாடியிருக்கிறார். இவ்வளவு எளிய சாப்பாட்டுக்கு இவ்வளவு பெரிய விலை சொன்ன புலவர் வேறு யாரும் எனக்குத் தெரியாது.

வரகரிசி சிராங்கூன் சாலைக் கடைகளில் கிடைக்கும். இரண்டு தடவை கழுவி இருபது நிமிடம் ஊறவைத்து, ஒரு குவளைக்கு இரண்டரைக் குவளைத் தண்ணீர் வைத்து வேகவிடுங்கள். வழுதுணங்காய் என்றால் கத்திரிக்காய். தேக்கா சந்தையில் பெரிய ஊதாக் கத்திரிக்காயாகப் பார்த்து வாங்கி, எண்ணெய் தடவி, கத்தியால் இரண்டு மூன்று இடத்தில் குத்தி, நேரே நெருப்பில் வாட்டுங்கள். குத்தாமல் விட்டால் வெடிக்கும். தோல் கருகி, காய் தொய்ந்து, காம்போரத்தில் சாறு பொங்கி நெருப்பில் சொட்டிச் சீறும்போது எடுத்துவிடலாம். கையை நனைத்துக்கொண்டு தோலை உரித்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் உப்பும் போட்டுப் பிசைந்தால் சரி. சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், புகை வரும். மின்சார அடுப்பு என்றால் கனமான இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் புரட்டிப் புரட்டி வாட்டுங்கள். மணம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. மோருக்குத் தனிப் பக்குவம் எதுவும் வேண்டாம். தயிரை முதல்நாள் இரவு குளிர்பெட்டிக்கு வெளியே வைத்தால் நம் ஊர் வெக்கைக்குத் தானாகவே மொரமொரவென்று புளித்துவிடும்.

முறப் பாட்டைப் படித்த அன்று கத்திரிக்காய் வாட்டும் வேலை ஆண்களுடையது. எங்கள் வீட்டில் இது சட்டம்.

பெரிய பிள்ளைகளுக்கு

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் குட்டிச்சுவருக்குச் சிரித்துவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவர்களுக்கு இந்தத் தனிப்பாடலைக் கொடுங்கள்:

விரகர் இருவர் புகழ்ந்திடவே வேண்டும்
விரல்நிறைய மோதிரங்கள் வேண்டும் – அரையதனில்
பஞ்சேனும் பட்டேனும் வேண்டும் அவர்கவிதை
நஞ்சேனும் வேம்பேனும் நன்று

புகழ்வதற்கு ஆள் இரண்டு பேர், விரல் நிறைய மோதிரம், இடுப்பில் நல்ல துணி. இவ்வளவும் இருந்தால் கவிதை விஷமாக இருந்தாலும் வேப்பங்காயாக இருந்தாலும் நல்ல கவிதைதான். இதற்கு விளக்கம் சொல்லத் தேவை இருக்காது. எந்த யூடியூப் பிரபலம், எந்த இன்ஸ்டாகிராம் கணக்கு என்று அவர்களே பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலில் நமக்குப் பிடித்தவர்களும் இருப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் புறநானூறு 95. இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். அதியமானுக்காகத் தூது போகிறார் ஔவை. பகையரசன் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைச் சுற்றிக் காட்டுகிறான். ஔவை பாராட்டுகிறார்: இங்கே உள்ளவை மயில்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் நிறைந்த மாளிகையில் அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்ச்சிதான், ஒரு சொல்லும் மரியாதைக் குறைவாக இல்லை. தொண்டைமான் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.

தேசிய சேவையில் இருக்கும் அண்ணன் மகன் ஒரு வார இறுதியில் வந்திருந்தபோது இதைப் படித்தோம். "அத்தை, இது எங்க ஆர்ம்ஸ்கோட்" என்றான். துப்பாக்கிகளைப் பூட்டி வைக்கும் அறையாம். வாரம் முழுக்கத் துடைத்து எண்ணெய் போட்டு அடுக்குகிறார்களாம். பயன்படாமல் பளபளப்பாகவே இருப்பது நல்லதுதானே என்றும் கேட்டான். இந்தக் கேள்வி எந்த உரையாசிரியரிடமும் நான் பார்க்காதது. அன்றைக்குச் சாப்பாடு எட்டரை ஆகிவிட்டது.

நேரம் இருந்தால் 206ஆம் பாடல். அதியமான் பரிசில் தரத் தாமதித்ததும் வாயில்காவலனைக் கூப்பிட்டு, உன் அரசனுக்குத் தன்னையும் தெரியவில்லையா, என்னையும் தெரியவில்லையா என்று கேட்டுவிட்டு மூட்டையைக் கட்டுகிறார். "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே" என்பது அதன் கடைசி அடி. வேலை தேடும் வயதில் இருப்பவர்களுக்கு இதை மனப்பாடமே செய்யக் கொடுக்கலாம்.

இப்போது ஆத்திசூடி

இவ்வளவும் ஆன பிறகு ஆத்திசூடியைத் திறந்தால் அது வேறு புத்தகமாகத் தெரியும். 109 வரிகளையும் ஒப்பிக்க வைக்காதீர்கள். நான்கைந்து போதும். "உடையது விளம்பேல்" என்பதைச் சொல்லிவிட்டு, கடைசியாக எந்தப் புதுப் பொருளைப் படம் எடுத்துப் போட்டாய் என்று கேளுங்கள். "இடம்பட வீடெடேல்", அதாவது தேவைக்கு மேல் பெரிய வீடு கட்டாதே என்று ஒரு வரி உண்டு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது சிரிக்காதவர் கிடையாது. அந்தக் கட்டளையை நம் சார்பில் கழகமே நிறைவேற்றிவிட்டது. கொன்றை வேந்தனிலிருந்து "திரைகடல் ஓடியும் திரவியம் தேடு" கட்டாயம். துறைமுகத்தில் வேலை செய்த எங்கள் தாத்தா, ஏன் ஊருக்குப் பொங்கலுக்கு வரவில்லை என்று கடிதம் வந்தால் இந்த வரியைத்தான் பதிலாக எழுதுவாராம்.

முள்ளும் இருக்கிறது, மறைக்காதீர்கள். "தையல்சொல் கேளேல்" என்று ஆத்திசூடியில் ஒரு வரி. பெண் பேச்சைக் கேட்காதே என்று ஒரு பெண் சொல்கிறார். அதைக் கேட்பதா, கேட்காமல் விடுவதா? பெண் பிள்ளைகள் இதில் பிடித்துக்கொள்வார்கள். உரைகாரர்கள் சமாளித்துச் சொன்ன சமாதானங்களை நான் சொல்வதில்லை. பாரதியாரின் புதிய ஆத்திசூடியை எடுத்து "தையலை உயர்வு செய்" என்ற வரியைக் காட்டுவேன். பாட்டியின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு பாட்டிக்கே பதில் சொன்ன பேரன் அவர்.

அதே வழியில் பிள்ளைகளையும் எழுதச் சொல்லுங்கள். அகர வரிசையில் ஆளுக்கு ஓர் எழுத்து, இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் கூடாது, கட்டளையாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டு ஆத்திசூடியில் "அத்தையோடு வாதாடு", "ஐபேட் பகிர்", "எம்ஆர்டியில் உண்ணேல்" எல்லாம் உண்டு. கடைசி வரிக்கு, ரயிலில் சாப்பிட்டால் 500 வெள்ளி அபராதம் என்று உரையும் எழுதப்பட்டிருக்கிறது.

வீட்டுப் பெரிய பெண்களைக் கேளுங்கள்

உங்கள் வீட்டில் தென்மாவட்டத்துப் பாட்டி யாராவது இருந்தால், ஔவை நோன்பு தெரியுமா என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை இரவில் பெண்கள் மட்டும் கூடி, உப்பில்லாத கொழுக்கட்டை செய்து, ஔவை கதை சொல்லி விடிவதற்குள் முடித்துவிடும் நோன்பு. "மறந்தால் மாசி, தட்டினால் தை, அசந்தால் ஆடி" என்று அதற்கு மாதக் கணக்கும் உண்டு. ஆண்கள் பார்க்கக் கூடாது, கொழுக்கட்டையைத் தின்னவும் கூடாது. நாஞ்சில் நாட்டில் ஔவைக்குக் கோயிலே இருக்கிறது. எங்கள் அம்மா அந்தக் கதையை எனக்குச் சொன்னார், அண்ணனுக்கு இன்றுவரை சொல்லவில்லை. ஆகவே இங்கேயும் எழுதுவதற்கில்லை.

புத்தகம்

விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்திலும் வட்டார நூலகங்களின் தமிழ்ப் பகுதியிலும் நீதிநூல் தொகுப்புகள் இருக்கும். தனிப்பாடல்களுக்குத் தனிப்பாடல் திரட்டு என்று கேளுங்கள். இணையத்தில் மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் மூலப் பாட்டை இலவசமாகவே வைத்திருக்கின்றன. தனிப்பாடல்கள் வாய்வழி வந்தவை. அதனால் புத்தகத்துக்குப் புத்தகம் ஓரிரு சொல் மாறும். எட்டேகால் பாட்டு சிலவற்றில் "சொன்னாய் அடா" என்று முடியும். ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள், இல்லாவிட்டால் பெரியவர்கள் எது சரி என்று வாதாடத் தொடங்கிப் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். பெரிய எழுத்தில் அச்சடித்து ஆளுக்கு ஒரு தாள் கொடுங்கள். உரையைத் தாளின் பின்பக்கம் போடுங்கள்.